பிரதியைத் திருத்துபவர் யாருக்குப் பொறுப்பு?

நம் நாட்டில் ஒரு தமிழ் நூலை வெளிக்கொணர என்ன செலவாகும் என்று எழுத்தாளர் ஒருவரிடம் கேட்டால், விரல் மடித்துக் கணக்குச் சொல்வார். தாள், அச்சுக்கூலி, கணினியில் தட்டச்சுச் செய்தவருக்கு ஒரு தொகை, அட்டைப்படம் வரைந்தவருக்கு ஒரு தொகை, வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், அழைப்பிதழ், வந்தவர்களுக்குத் தேநீரும் கடிக்க ஏதாவதும். அச்சிடுவது 300 பிரதிகள், மிஞ்சினால் 500. பெரும்பாலும் சொந்தப் பணம், அல்லது வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பணம். இந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும் இருப்பதேயில்லை. அச்சுக்குப் போகுமுன் பிரதியை முழுதாக வாசித்து, "உங்கள் நூல் உண்மையில் மூன்றாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது" என்றோ, "இந்த மனிதரை ஏன் இரண்டு பக்கத்தோடு விட்டுவிட்டீர்கள்?" என்றோ சொல்லக்கூடிய ஒருவருக்கான கூலிதான் அது.

சரவை பார்க்கிறவர் நம்மிடம் இருக்கிறார். ஒற்று மிகுமா மிகாதா என்று அவர் சொல்வார். மொழி திருத்துகிற ஓய்வுபெற்ற ஆசிரியரும் இருக்கிறார். அணிந்துரை எழுதுகிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் அணிந்துரைகாரர் பந்தலுக்குத் தோரணம் கட்ட வருகிறவர். பந்தற்கால் கோணல் என்று அந்த நேரத்தில் அவரால் சொல்ல முடியாது. சொன்னால் அது அணிந்துரையும் ஆகாது. நூலின் எலும்புக்கூட்டைப் பார்க்கிற ஆள்தான் நம்மிடம் இல்லை. ஆங்கிலப் பதிப்புலகில் அது தனியானதொரு தொழில். எழுத்தாளரே பணம் கொடுத்து அப்படியொருவரை அமர்த்திக்கொள்வது அங்கு இன்று சாதாரணம். தமிழ்நாட்டில் 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், எழுத்தாளரோடு அமர்ந்து பிரதியைச் செம்மையாக்குவதைத் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்தார். 2020 நவம்பரில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் பல அவரை எடிட்டர் என்றே நினைவுகூர்ந்தன. அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் தமிழில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை போதும்.

நம் பக்கத்தில் இந்த வேலையைச் சஞ்சிகை ஆசிரியர்கள் ஓரளவு செய்தார்கள். 1950களின் இறுதியில் தினகரனில் கைலாசபதியும், 1966இலிருந்து மல்லிகையில் டொமினிக் ஜீவாவும், 1975இலிருந்து அலையில் யேசுராசாவும் ஈழத்து எழுத்துக்கு உருக்கொடுத்ததில் இத்தகைய கண்டிப்புக்கும் பங்குண்டு. ஆனால் சஞ்சிகையின் கை சிறுகதை வரைக்கும்தான் எட்டும். முந்நூறு பக்க நாவலையோ நினைவுக்குறிப்பையோ எந்தச் சஞ்சிகை ஆசிரியரால் பிரித்துக் கோர்க்க முடியும்? ஆகவே அது எழுதியவர் எழுதியபடியே அச்சேறுகிறது. பிறகு விமர்சகர் "இன்னும் செப்பனிட்டிருக்கலாம்" என்று ஒரு வரி எழுதுகிறார். செப்பனிட வேண்டிய காலம் முடிந்து, 500 பிரதிகளும் கட்டுக்கட்டாக வீட்டு அலுமாரியில் ஏறிய பிறகு அந்த வரியால் யாருக்கு என்ன பயன்?

காசு கொடுத்து ஆள் பிடித்துத் திருத்துவது எழுத்துக்கு இழுக்கு என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. நண்பர் இலவசமாக வாசித்துத் தரும் ஆலோசனையில் ஒரு கடன் இருக்கிறது. அதை ஏற்காவிட்டால் அவர் மனம் நோகும். விழாவில் முன்வரிசையில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. கூலி கொடுத்து வாங்கிய ஆலோசனையை மறுப்பதற்கு எழுத்தாளருக்கு முழு உரிமை உண்டு. மறுக்கும் உரிமை கைவசம் இருப்பதால் கடுமையான வார்த்தையைக் கேட்கும் தைரியமும் வருகிறது. அதனால் பணம் இங்கே உறவைக் கெடுப்பதில்லை. யார் எதற்கு உரியவர் என்று எல்லை போட்டுக் கொடுக்கிறது.

ஆனாலும் அந்த எல்லை எப்போதும் நிற்பதில்லை. அமெரிக்கச் சிறுகதையாளர் ரேமண்ட் காவரின் கதை இதற்குப் போதும். 1981இல் வெளிவந்த அவரது தொகுதியை எடிட்டர் கோர்டன் லிஷ் பாதிக்கு மேல் வெட்டினார், தலைப்புகளை மாற்றினார், முடிவுகளை மாற்றினார். அச்சை நிறுத்தும்படி மன்றாடி 1980 ஜூலையில் காவர் ஒரு கடிதம் எழுதினார். நூல் வெளிவந்தது, புகழும் வந்தது. சொற்சிக்கனத்தின் உச்சம் என்று உலகம் கொண்டாடிய அந்த நடையில் எவ்வளவு காவருடையது, எவ்வளவு லிஷ்ஷுடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1988இல் காவர் இறந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு, 2009இல், வெட்டுப்படாத மூலப்பிரதி தனி நூலாக வந்தது. இரண்டையும் வைத்து வாசிப்பவர்களில் லிஷ் பக்கம் நிற்பவர்களும் உண்டு. என் கணிப்பில் அது முக்கியமே அல்ல. பேனா கடைசியில் யார் கையில் இருந்தது என்பதுதான் அங்கே கேள்வி. அது காவரின் கையில் இருக்கவில்லை.

நூல் யாருடையது என்ற இந்தக் கேள்வியோடு பொதுவாக விவாதம் முடிந்துவிடுகிறது. எழுத்தாளர், எடிட்டர் என்று இரண்டு பேருக்கிடையிலான எல்லைத் தகராறாக அது பேசப்படுகிறது. நூலில் வரும் ஆட்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அவர்கள் பேசுமிடத்தில் இல்லை. கூலி கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை. ஆனால் பிரதியில் எதை வெட்டுவது, எதை முன்னே வைப்பது என்ற தீர்மானம் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

ஹார்ப்பர் லீயின் கதையை இந்தக் கோணத்தில் பார்க்கவேண்டும். அவருடைய முதற்பிரதி 1957இல் லிப்பின்கொட் பதிப்பகத்துக்குப் போனது. நியூயோர்க்கில் வாழும் இளம்பெண் ஒருத்தி அலபாமாவிலுள்ள தன் ஊருக்குத் திரும்புகிறாள். தான் தெய்வமாக நினைத்திருந்த தகப்பன், கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கூடாது என்போரின் கூட்டத்தில் அமர்ந்திருப்பதைக் காண்கிறாள். நூல் முழுக்க அந்த அதிர்ச்சிதான். அங்கங்கே சிறுபிராய நினைவுகளும் வருகின்றன. பதிப்பகத்தின் எடிட்டர் டே ஹோஹோஃப் என்ற அம்மையார், உயிர் இந்தச் சிறுபிராயப் பகுதிகளில்தான் இருக்கிறது என்று கண்டார். லிஷ்ஷைப் போலத் தாமே கத்தரிக்கோலை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார், திருப்பி அனுப்பினார், மறுபடி எழுதுவித்தார். ஆண்டுக்கணக்கில் அப்படி நடந்தது. 1960இல் வெளிவந்த 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' நாவலை அறியாதவர் குறைவு.

எடிட்டர் தொழிலுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது என்பார்கள். கலையளவில் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறுமியின் கண்ணால் கதையைச் சொல்லத் தொடங்கியதும் என்ன ஆயிற்று? அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்த தகப்பன் காணாமற் போனார். அவரிடத்தில், அநியாயமாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பினத்தவருக்காக வாதாடும் உத்தம வழக்கறிஞர் வந்தார். வெள்ளையின வாசகர்கள் தங்களுக்குள்ளும் ஓர் உத்தமன் உண்டு என்று நிம்மதிப்பட அவர் உதவினார். முதற்பிரதி 2015இல் 'கோ செட் எ வோட்ச்மன்' என்ற பெயரில் அச்சேறியபோது பலர் கொதித்தார்கள். தங்கள் நாயகனைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். உண்மையில் அவர்தான் முதலில் எழுதப்பட்டவர். ஹோஹோஃப் எதையும் மறைக்க நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னது நூலமைப்பைப் பற்றிய, சரியான ஆலோசனை. சரியான ஆலோசனையே ஒரு கசப்பான உண்மையை 55 ஆண்டுகள் அலுமாரிக்குள் வைத்துவிட முடியும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதை நம் மண்ணுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். அரியாலையில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயது கடந்தவர். 1995இன் இடப்பெயர்வைப் பற்றி ஒரு நினைவு நூல் எழுதி வைத்திருக்கிறார். எழுதுவதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியில் கிழக்கே வந்தால் அரியாலை. அதைத் தாண்டினால் செம்மணி வெளி. அதற்கப்பால் நாவற்குழிப் பாலம், தென்மராட்சி. 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வந்துகொண்டிருக்க, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, இலட்சக்கணக்கான சனம் மழையில் நனைந்தபடி இவர் வீட்டுப் படலையைக் கடந்துதான் போனது. பிறகு இவரும் படலையைச் சாத்திவிட்டு அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். பிரதியில் 240 பக்கம்.

அதில் நாலு பக்கம் வேறொன்றைப் பற்றியது. இவர் இளமையில் நகரத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் இரும்புக் கடையில் கணக்கெழுதியவர். 1990 ஒக்ரோபர் 30. அதே திகதி, சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன். அன்றும் ஒலிபெருக்கிதான். அறிவித்ததும் அதே இயக்கம்தான். சோனகத் தெருவையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த முஸ்லிம்களை ஜின்னா மைதானத்தில் கூடச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகும்படி கட்டளையிட்டார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த ஒக்ரோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டவர்கள். புத்தளத்தில் அவர்களது கிடுகுக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள் இன்று தாமும் பிள்ளை பெற்றுவிட்டார்கள். நம் அரியாலைக்காரர் தமது நாலு பக்கத்தில், தாம் கடை வாசலுக்கு ஓடிப்போய் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாக எழுதியிருக்கிறார்.

பிள்ளை கனடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் அவர் ஒரு எடிட்டரை அமர்த்துகிறார் என்று மேலும் வைத்துக்கொள்வோம். எடிட்டர் திறமைசாலி. அவரது குறிப்பு இப்படித்தான் வரும்: நூல் 1995இன் ஓர் இரவிலிருந்து விரிகிறது, இந்த நாலு பக்கம் ஓட்டத்தை முறிக்கிறது, வேறு காலம், வேறு ஆட்கள், எடுத்துவிடலாம், அல்லது அடிக்குறிப்பாக்கலாம்.

அமைப்பைப் பொறுத்தவரை எடிட்டர் சொல்வது சரி. அதுதான் சங்கடம். அந்த நாலு பக்கமும் உண்மையிலேயே ஒட்டவில்லை. செருகிவைத்தது போலத் தெரிகிறது. ஆனால் அதை எடுத்துவிட்டால் 240 பக்கத்துக்கும் பொருள் மாறிவிடும். ஒரே திகதியில், ஒரே விதமான ஒலிபெருக்கியில், முதலில் அயலவன் போனான், பிறகு நாம் போனோம் என்ற நூல், நாம் போனோம் என்ற நூலாகிவிடும். யாருடைய துயரம் கதை, யாருடைய துயரம் கிளைக்கதை என்ற தீர்ப்பு, பக்கக் கணக்கைப் பற்றிய ஒரு குறிப்பாக உருமாறி வந்திருக்கிறது.

சொல் மட்டத்திலும் இது நடக்கும். எடிட்டர்களுக்கு ஒருமைப்பாடு பிடிக்கும். ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்பது நல்ல விதிதான். ஆனால் 1995ஐ நாம் எல்லோரும் இடப்பெயர்வு என்கிறோம். 1990ஐ வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றம் என்கிறார்கள், பலவந்த வெளியேற்றம் என்கிறார்கள். இரண்டிலும் மக்கள் இருந்த இடத்தைவிட்டுப் போனார்கள்தான். ஒன்றில் முன்னேறும் படைக்கு முன்னால் ஊர் முழுதும் நகர்த்தப்பட்டது. மற்றதில் ஊர் அப்படியே இருக்க, அதிலிருந்து ஒரு சமூகம் மட்டும் அது இன்ன சமூகம் என்ற காரணத்தால் துரத்தப்பட்டது. ஒருமைப்பாடு கருதி இரண்டையும் இடப்பெயர்வு என்று ஒருவர் மாற்றினால், அவர் ஒரு சொல்லைத் திருத்தவில்லை, ஒரு வரலாற்றைத் திருத்துகிறார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதால் விளைவு மாறாது.

ஹதீஸ் கலையில் இதற்குப் பழையதொரு விவாதம் உண்டு. கேட்ட சொல்லை எழுத்துப் பிசகாமல்தான் அறிவிக்க வேண்டுமா, கருத்தை அறிவித்தாலும் போதுமா? கருத்தை அறிவிக்கலாம் என்று அனுமதித்த அறிஞர்கள்கூட ஒரு நிபந்தனை வைத்தார்கள். எந்தச் சொல்லை மாற்றினால் பொருள் மாறும் என்பதை அறிந்தவருக்கே அந்த அனுமதி. அறியாதவர் கேட்ட சொல்லை விட்டு விலகக்கூடாது. எடிட்டரை அமர்த்துகிறவர் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். சென்னையிலிருக்கும் ஒருவர் "சவர்க்காரம்" என்பதைச் "சோப்பு" என்றும், "கதைத்தார்கள்" என்பதைப் "பேசினார்கள்" என்றும் மாற்றினால் நாம் கத்துகிறோம். அது திருப்பி மாற்றக்கூடியது. தோப்பில் முஹம்மது மீரான் மலையாளத்தில் படித்தவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தபோது அந்தத் தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சை யாராவது நல்ல தமிழாக்கியிருந்தால் நாம் ஒரு நாவலை இழந்திருப்போம். அது பெரிய இழப்புத்தான். ஆனாலும் வாசித்தவுடன் கண்ணுக்குத் தெரியும் இழப்பு. வெளியேற்றம் இடப்பெயர்வாகும் இழப்பு கண்ணுக்கே தெரியாது.

எடிட்டரே வேண்டாம் என்ற முடிவுக்கு வருகிறேனா? இல்லை. மல்கம் எக்ஸின் சுயசரிதை எப்படி உருவானது என்பதைப் பார்த்தால் மறுபக்கமும் தெரியும். 1963இல் ஒப்பந்தமாகி அவர் சொல்லச் சொல்ல அலெக்ஸ் ஹேலி எழுதினார். தொடக்கத்தில் எலைஜா முஹம்மதை மல்கம் தம் உயிரினும் மேலாக மதித்தார். 1964 மார்ச்சில் அந்த இயக்கத்தை விட்டு விலகினார். ஏப்ரலில் ஹஜ்ஜுக்குப் போனார். பார்வை முழுதும் மாறிவிட்டது. பிறகு பழைய அத்தியாயங்களை எடுத்து, எலைஜாவைப் புகழ்ந்த இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் திருத்தத் தொடங்கினார். ஹேலி தடுத்தார். பின்னால் வரப்போவதை முன்னாலேயே சொல்லிவிட்டால் கதையின் ஓட்டம் கெடும் என்றார். இது யாருடைய நூல் என்று மல்கம் சினந்தார். பின்பு அவரே மனம் மாறி, இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். 1965 பெப்ரவரி 21இல் அவர் கொல்லப்பட்டார். நூல் அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்தது.

ஹேலி சொன்னதும் நூலமைப்பைப் பற்றிய காரணம்தான். ஹோஹோஃப் சொன்ன அதே வகை. ஆனால் இங்கே அது உண்மையைக் காப்பாற்றியது. அன்று ஒருவரை அப்படி நம்பியவன்தான் நான் என்பதை, இன்று தெளிந்துவிட்ட மனிதன் அழித்துவிடாமல் தடுத்தது. எழுதுகிறவனுக்கு, முக்கியமாக வயது போன பிறகு எழுதுகிறவனுக்கு, இன்றைய அறிவை அன்றைய தன் தலைக்குள் வைத்துவிடும் ஆசை வரும். அதைக் காண வெளியாள் ஒருவரின் கண் வேண்டும். தன் கண்ணுக்கு அது தெரியாது. சொந்தக்காரரும் நண்பரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே அரியாலைக்காரருக்கு நான் விரும்பும் எடிட்டர், அந்த நாலு பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்பவரல்ல. ஐயோ தொடாதீர்கள், அது மனிதாபிமானம் என்று விட்டுவிடுபவருமல்ல. பின்னவர் கொஞ்சம் ஆபத்தானவரும்கூட. நாலு பக்கக் கண்ணீர், மீதி 236 பக்கத்துக்கும் கட்டிய காப்புறுதிப் பணம்போல ஆகிவிடலாம். நம் மீது யாரும் குறைசொல்ல முடியாது என்பதற்காக வைக்கப்பட்டதாகிவிடலாம். முஸ்லிம் வாசகர்களாகிய நாம் அத்தகைய பக்கங்களைப் பார்த்ததும் நெகிழ்ந்து, சஞ்சிகைகளில் பாராட்டி எழுதிவிடுகிறோம். நெகிழ்வதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பக்கங்கள் எழுதி முடிக்கப்பட்டவைதானா என்று கேட்பதற்கும் நமக்கு உரிமை இருக்கிறது.

நல்ல எடிட்டர் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் கேள்விகள் எழுதுவார். கடை எந்த வீதியில் இருந்தது? அன்று என்ன கிழமை, நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்களா? ஒலிபெருக்கிச் சத்தம் அரியாலைக்குக் கேட்டதா, யாராவது வந்து சொன்னார்களா? முதலாளியின் பெயர் ஏன் இல்லை? மறுநாள் கடை யார் கையில் இருந்தது? அடுத்த மாதம் உங்களுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்? 1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அந்தத் தெருவால் சைக்கிளில் போனபோது என்ன பார்த்தீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதினால் நாலு பக்கம் நாற்பதாகும். அப்போது அது எந்த ஓட்டத்தையும் முறிக்காது, ஏனென்றால் நூலே அங்கிருந்துதான் புறப்படும். ஒருவேளை எழுத முடியாமலும் போகலாம். எழுதாமல் விடுவதென்று அவரே தீர்மானித்தால் அது அவருடைய மௌனம். அதை எடிட்டரின் தலையில் போட முடியாது.

கூலியைப் பேசும்போதே சில விஷயங்களையும் பேசிக்கொள்வது நல்லது. திருத்தங்கள் பிரதிக்குள் நேரே நுழையாமல் குறிப்புகளாகவே வரவேண்டும். மூலப்பிரதி ஒன்று தொடாமல் பத்திரமாக இருக்கவேண்டும். எடிட்டருக்கு ஊர் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கம் இருக்கக்கூடாது. முழு நூலையும் ஒப்படைக்குமுன் ஓர் அத்தியாயத்தைக் கொடுத்துப் பார்ப்பதும் உசிதம். இவையெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. ஆசிரியர் முன் பிரதியை வாசித்துக் காட்டி ஒப்புதல் பெறும் வழக்கம் நம் மரபில் இருந்தது. இங்கே வாசித்துக் காட்டவேண்டியது எடிட்டருக்கு மட்டுமல்ல.

முதலாளி இருந்தால் இப்போது தொண்ணூறை நெருங்கியிருப்பார். அல்லது அவர் மகன் இருப்பார். புத்தளத்தில் இருக்கலாம், சோனகத் தெருவுக்கே திரும்பி வந்துமிருக்கலாம். அரியாலையிலிருந்து சோனகத் தெரு ஒன்றும் தூரமில்லை. பிரதியை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பக்கங்களை மெல்ல வாசித்துக் காட்டவேண்டியிருக்கும். அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்து, முழுவதையும் கேட்டுவிட்டு, "இல்லைத் தம்பி, அன்றைக்கு நீங்கள் கடைப்பக்கம் வரவேயில்லை" என்று சொல்லவும் கூடும்.